பச்சை டிக்

சின்னவள் என்றதும் ஏதோ சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். ஐம்பத்திரண்டு வயது. காதோரம் நரைத்து, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிற சின்னவள். வீட்டில் பிறந்தது இரண்டே பெண்கள், இவள் இளையவள், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். அக்கா போய்ப் பதினோரு மாதமாகிறது. இப்போது அந்த வீட்டில் இவளை விடப் பெரியவள் யாருமில்லை, ஆனாலும் பெயர் என்னவோ அதேதான்.

வேலை கண்ணாடிக் கடையின் பின்னறையில். லென்ஸைச் சாணையில் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்காரவைக்க வேண்டும். ஒரு மயிரிழை கூடிப்போனால் லென்ஸ் விரிசல் விடும், குறைந்தால் லொடலொடவென்று ஆடும். கடைக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் முதலாளி அதைத் துணி போர்த்தி சாமான்களோடு சாமானாக வைத்திருந்தார். யாருக்கு என்ன பவர் என்று பழைய நோட்டுகளைப் புரட்டிப் புரட்டிச் சலித்துப்போன சின்னவள்தான் துணியை எடுத்தாள். ஆறே மாதத்தில் தானே படித்து, தானே திணறி, பெயரைத் தட்டினால் பவரைக் காட்டுகிற ஒரு நிரலை எழுதிவிட்டாள். அதோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் கெட்டிக்காரத்தனம். நிறுத்த முடியவில்லை.

கட்டற்ற மென்பொருள் என்று ஒரு உலகம் இருக்கிறது. யாரோ எழுதிய நிரலை ஊருக்கே திறந்து வைத்திருப்பார்கள். எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், ஓட்டை இருந்தால் அடைத்துத் திருப்பிக் கொடுக்கலாம். சம்பளம் கிடையாது, சண்டை மட்டும் தாராளமாக உண்டு. சின்னவள் வேலை முடிந்து வந்தால் அங்கேதான் குடியிருந்தாள். அக்காவுக்கு இந்த விவகாரம் கடைசிவரை பிடிபடவில்லை.

"ஊர்ல உள்ளவங்க பாத்திரத்தையெல்லாம் நீ ஏன்டி கழுவுற?" என்பாள்.

"அவங்களும் நம்ம பாத்திரத்தக் கழுவுறாங்கக்கா."

"எனக்குத் தெரிஞ்சு நம்ம பாத்திரத்த நான்தான் கழுவுறேன்!"

அக்காவிடம் பேசி யாரும் ஜெயித்ததில்லை. வாய்தான் அவளுக்குப் பிழைப்பே. பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை, இருபத்தாறு வருடம். எந்த வண்டி எந்த நடைமேடையில் என்று அவள் சொன்னால் தூங்குகிறவன்கூட எழுந்து சரியான வண்டியில் ஏறிவிடுவான். கல்யாணமாகி ஒரே வருடத்தில் அங்கே சரிப்படாமல் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். சின்னவள் அந்தப் பக்கமே போகவில்லை. இரண்டு பேரும் இரண்டு அறை வீட்டில் ஒருவரை ஒருவர் வம்பிழுத்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார்கள்.

அந்த வாயைத்தான் பக்கவாதம் கொண்டுபோனது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய், "தா... தா..." என்ற ஒரே சத்தம் மிஞ்சியது. எழுத்தும் மறந்துவிட்டது. ஆனால் நாம் பேசுவது எல்லாம் புரிகிறது என்றார் மருத்துவர். சின்னவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு அவளுக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தாள். நிரல் எழுத உட்கார்ந்தாள்.

ஒரு டேப்லெட்டில் பெரிய பெரிய படங்கள். டம்ளரைத் தொட்டால் "தண்ணி வேணும்", தலையணையைத் தொட்டால் "என்னைத் திருப்பிப் படுக்க வை". எல்லாம் சின்னவளின் குரலிலேயே பதிந்தது. முதல்முறை தன் விரலிலிருந்து தங்கையின் குரல் வந்ததும் அக்கா வாய் கோணச் சிரித்தாள். வாதம் வந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான். எல்லாவற்றுக்கும் மேலே, திரையில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பட்டன். "வாடி." அதை அழுத்தினால் சின்னவள் எங்கே இருந்தாலும் அவள் போனில் மணி அடிக்கும்.

அந்தப் பட்டனை நம்பித்தான் சின்னவள் முழு நாள் வேலைக்குத் திரும்பினாள். துணைக்கு வைத்த அம்மாள் காலை எட்டு மணிக்கு வந்து இரண்டு மணிக்குப் போய்விடுவாள். இரண்டிலிருந்து ஆறு வரை அக்கா தனியே. கடை பத்து நிமிட நடைதான். அக்கா கூப்பிட்டால் ஓடி வரலாம்.

கூப்பிட்டாளா, கூப்பிட்டுத் தள்ளினாள். ஃபேனைக் குறைக்க, முதுகு சொறிய, சில நாள் சும்மா முகத்தைப் பார்க்க. மூச்சிரைக்க வந்து நிற்கிற தங்கையைப் பார்த்து அக்காவின் கண்ணில் ஒரு குறும்பு தெரியும். "இதுக்காக்கா கூப்பிட்ட?" என்று சின்னவள் தலையில் அடித்துக்கொள்வாள். முதலாளி கடிகாரத்தைப் பார்ப்பார்.

ஒரே ஒரு தொல்லை. பட்டனை அழுத்தியதும் தகவல் போய்ச் சேர்ந்ததா என்று டேப்லெட் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகுதான் பச்சை நிறத்தில் ஒரு டிக் போடும். அதற்கு இரண்டு மூன்று விநாடி ஆகும். அக்காவுக்கு அந்தப் பொறுமை ஏது? டிக் வருவதற்குள் ஆறு முறை குத்திவிடுவாள், கடையில் போன் அலறும். சின்னவள் யோசித்தாள். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நிரலில் இரண்டு வரியை இடம் மாற்றினாள். அழுத்தியவுடன் டிக் விழும், தகவல் பின்னாலேயே போய்க்கொள்ளும். அவ்வளவுதான். அக்கா ஒரு தடவை அழுத்தினாள், டிக்கைப் பார்த்தாள், திருப்தியாகக் கையை எடுத்துக்கொண்டாள்.

இதற்குள் அந்த நிரலை அவள் பொதுவில் போட்டிருந்தாள். நாற்பது ஐம்பது வீடுகளில், முகம் தெரியாத ஊர்களில், வாயடைத்துப் போனவர்கள் அதைத் தொட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். புதுப் பதிப்பு மின்னல் மாதிரி வேலை செய்கிறது என்று பாராட்டி எழுதினார்கள். சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒருநாள், ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவசரமாக நாற்பது கண்ணாடி முடிக்க வேண்டியிருந்தது. ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது அறை நாறியது. அக்கா படுக்கையிலேயே எல்லாம் போய், ஒரு பக்கமாகச் சரிந்து, கட்டில் கம்பியில் தோள் அழுந்திக் கன்றியிருக்க, சுவரைப் பார்த்துக் கிடந்தாள். சின்னவள் பதறிப்போய்த் துடைத்தாள், உடுத்தினாள், விரிப்பை மாற்றினாள். பதற்றம் அடங்கியதும் கோபம் வந்தது. சொல்லவே நாக்கு கூசுகிறது, ஆனால் சொன்னாள்.

"ஏன்க்கா கூப்பிடல? ஒரு பட்டன அமுக்க என்ன கேடு? நான் என்ன அமெரிக்காவுலயா இருந்தேன்?"

அக்கா திரும்பி அவளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு இடது கையால் டேப்லெட்டைக் கட்டிலிலிருந்து தள்ளிவிட்டாள்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தாள். ஒருமுறைகூட அதைத் தொடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் டம்ளரால் கட்டில் கம்பியில் தட்டுவாள், அதுவும் துணைக்கு வரும் அம்மாள் இருக்கும்போது மட்டும். சின்னவள் வீட்டில் இருந்தால் தாகத்தோடு கிடப்பாளே தவிர, தட்டமாட்டாள்.

ஏன்? சின்னவளுக்கு மண்டை வெடித்தது. அரை நாள் வேலைக்கு மறுபடி மாறிக்கொண்டாள். பட்டன் சின்னதோ என்று பெரிதாக்கினாள். நிறம் உறுத்துகிறதோ என்று மாற்றினாள். தன் குரல் சலித்துவிட்டதோ என்று துணைக்கு வரும் அம்மாளைப் பேசவைத்துப் பதிந்தாள். எட்டு மாதத்தில் பதினான்கு பதிப்பு. அக்கா அடுத்த அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்க, இவள் அக்காவுக்காகவே படம் வரைந்துகொண்டிருந்தாள். எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அது தோன்றவில்லை. "பிடிவாதம், பிறவிக் குணம்" என்று முதலாளியிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டாவது முறை வாதம் வந்தபோது அக்கா ஒரே நாளில் போய்விட்டாள்.

"ஏதாவது பொழுதுபோக்கு வச்சுக்கம்மா, இப்படியே இருந்தா ஆளு உருக்குலைஞ்சு போயிடுவ" என்றார் முதலாளி. வைத்துக்கொண்டாள். களிமண்ணில் கிண்ணம் பிடிக்கப் போனாள். கிண்ணம் சாய்ந்தது, விட்டுவிட்டாள். குரோஷா ஊசி வாங்கினாள். பின்னியது ஒரு முழம், தையல் எண்ணுகிற கட்டற்ற நிரல் ஒன்றைக் கண்டுபிடித்து அதில் தவறு திருத்தியது இரண்டு மாதம். கடைசியில் இணையத்தில் ஊரே சேர்ந்து வரைகிற பொது வரைபடம் ஒன்றில் தன் தெருக்களில் எங்கெங்கே உட்கார பெஞ்சு இருக்கிறது என்று குறிக்கத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்து நடந்து அறுபத்தேழு பெஞ்சு குறித்தாள். எதிலும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அந்த "ஏன்" பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

போன புதன்கிழமை காலை, கடைக்குக் கிளம்பும் முன், அந்தப் பழைய நிரலுக்கு ஒரு பிழைக் குறிப்பு வந்திருந்தது. எழுதியவர் ஏதோ ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்.

"அம்மா, வணக்கம். அப்பாவுக்குப் பேச்சு வராது, உங்க ஆப்தான் வச்சிருக்கோம். முந்தாநாள் வீட்ல நெட் போயிடுச்சு. அப்பா பதினொரு தடவ அமுக்கியிருக்காரு. பச்ச டிக் வந்திருக்கு. என் போனுக்கு ஒண்ணுமே வரல. நான் வந்து பாக்கறேன், கீழ விழுந்து கிடக்கறாரு. ரெண்டு நாளா என் முகத்தப் பாக்க மாட்டேங்கறாரு. தகவல் போகாமலே டிக் எப்படி வருதுன்னு கொஞ்சம் பாருங்க."

சின்னவள் பாதி செருப்பு மாட்டிய காலோடு நின்றாள். டிக் எப்படி வருகிறது என்று அவள் பார்க்க வேண்டியதே இல்லை. அந்த இரண்டு வரியும் அவளுக்கு மனப்பாடம்.

அலமாரியிலிருந்து டேப்லெட்டை எடுத்துச் சார்ஜில் போட்டாள். ஒவ்வொரு தொடுதலையும் நேரத்தோடு எழுதிவைக்கும் கோப்பு ஒன்று அதற்குள் இருந்தது. நிரல் எங்காவது முரண்டு பிடித்தால்தான் யாரும் அதைத் திறப்பார்கள். அன்று எதுவும் முரண்டு பிடிக்கவில்லை, அக்காதான் பிடித்தாள் என்று இவள் முடிவே கட்டியிருந்தாள். பள்ளிக்கூடக் கண்ணாடி நாற்பது முடித்த நாள். தேதி மறக்கக்கூடிய தேதியா?

3.07, வாடி. டிக் காட்டப்பட்டது. இணைப்பு இல்லை. 3.09, வாடி. டிக் காட்டப்பட்டது. இணைப்பு இல்லை. 3.10. 3.10. 3.12. அப்படியே பதினெட்டு வரி. பதினெட்டு முறையும் சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது என்று பச்சையாக அடித்துச் சொல்லியிருக்கிறது அந்தத் திரை. 4.26-க்கு வேறொரு பட்டன். "தயவுசெஞ்சு." ஏதோ மரியாதைக்கு இருக்கட்டும் என்று ஓரத்தில் வைத்தது. அக்காவாவது, தங்கையிடம் கெஞ்சுவதாவது! அதை அவள் தொட்டதே இல்லை. அன்று மூன்று முறை தொட்டிருக்கிறாள். 4.31-க்குப் பிறகு ஒன்றுமில்லை. 5.20-க்கு இணைப்பு திரும்பி வந்திருக்கிறது.

ஆறு மணிக்கு இவள் வந்து கேட்டிருக்கிறாள், ஏன்க்கா கூப்பிடல என்று.

சின்னவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டெல்லாம் இல்லை, தெருவுக்குக் கேட்கும்படி அழுதாள். கடையிலிருந்து இரண்டு முறை போன் வந்தது, எடுக்கவில்லை. பிடிவாதம் இல்லை. படமும் நிறமும் குரலும் இல்லை. எட்டு மாதமும் அக்கா ஒன்றே ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள்: கூப்பிட்டேன், கேட்டது, வரவில்லை. வந்தபிறகு ஏன் கூப்பிடவில்லை என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்கிறாள். இதை நினைத்துக்கொண்டுதான் அவள் செத்தும் போனாள்.

பதினோரு மணி வாக்கில் எழுந்து முகம் கழுவினாள். இரண்டு வரியையும் பழைய இடத்துக்கு மாற்றினாள். தகவல் போகாவிட்டால் திரை சிவந்து, டேப்லெட்டே உரக்கக் கத்தும்படி செய்தாள். மூன்று முறை இணைப்பைப் பிடுங்கிச் சோதித்தாள். பதிப்பை வெளியிட்டுவிட்டு, கிரேன்காரருக்கு எழுத உட்கார்ந்தாள். 'சரிசெய்தாயிற்று, மன்னிக்கவும்' என்று வழக்கம்போல் எழுதினாள். அது போதவில்லை.

"தப்பு என்னோடதுங்க. புதுப் பதிப்பு அப்புறமா போட்டுக்கலாம். முதல்ல உங்க அப்பாகிட்ட போங்க. அவர் கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கவே இல்லன்னு சொல்லுங்க. போனக் காட்டுங்க, மணி அடிக்காததக் காட்டுங்க. அவருக்குப் புரியுற வரைக்கும் சொல்லுங்க. சாயங்காலம் பாத்துக்கலாம்னு விட்டுடாதீங்க."

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது.

"லீவு போட்டுட்டு வந்து சொன்னேம்மா. முதல்ல நம்பல. நெட்ட நிறுத்திட்டு அவரையே அமுக்கச் சொன்னேன். டிக் வந்துச்சு, என் போன் சும்மா கிடந்துச்சு. அவர் டிக்கப் பாத்தாரு, போனப் பாத்தாரு, அப்புறம் என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு இப்பதான் என் கையால சாப்பிட்டாரு. உங்களுக்குக் கோடி புண்ணியம். இத நீங்க யாருக்காகம்மா செஞ்சீங்க? அவங்க நல்லா இருக்காங்களா?"

சின்னவள் எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள்.

"எங்க அக்காவுக்காகங்க. எனக்குக் கேக்கலன்னு தெரியாமலே போயிட்டா."