நூறாவது ஹிட்டுக்குக் காத்திருந்த பாட்டு

ஹமாசாகி ஊரில் சலவைக்கடை வைத்திருக்கும் சிசாத்தோ உராபேவுக்கு இரண்டு பேர் மேல் தீராத கோபம். ஒருவர், சட்டைப் பையில் பேனாவை மறந்து துவைக்கப் போடுகிறவர். இன்னொருவர், ஆட்டம் முடியும் முன்னே எழுந்து வீட்டுக்குப் போகிறவர். எங்கள் மீன்கொத்தி பேஸ்பால் அணி ஆறு வருடமாகக் கடைசி இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் கட்டிக் காப்பதால், இரண்டாவது கோபத்துக்குத்தான் வேலை அதிகம்.

வயது ஐம்பத்து நாலு. பத்தொன்பது வயதிலிருந்து வலது பக்கக் கேலரியின் முதல் வரிசையில் ட்ரம்பெட்டோடு நிற்கிறாள். பாட்டுக் கட்டுவதும் அவள்தான். பேஸ்பாலில் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் சொந்தப் பாட்டு ஒன்று உண்டு. அவன் மட்டையோடு வந்து நின்றதும் கேலரியே எழுந்து அதைப் பாடும். புதிதாக வந்த பையன்களுக்குப் பொது மெட்டுதான். பேரை மட்டும் மாற்றிக் கத்துவார்கள். ஒருவனுக்குச் சொந்தப் பாட்டு எப்போது கொடுப்பது என்பதை முடிவு செய்வது அணி நிர்வாகம் அல்ல, ஆதரவுக் குழு. குழு என்றால் சிசாத்தோ, முரசடிக்கும் வேன் டிரைவர் யாஷிரோ, நோட்டு எழுதும் முராசே.

ஒரு காலத்தில் அவளும் தாராளமாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஷினொசாக்கி என்று ஒரு பையன். வந்த மாதமே அவனுக்குப் பாட்டுக் கட்டினாள். கேலரி மனப்பாடம் பண்ணி முடிப்பதற்குள் அவனுக்கு முழங்கால் போனது, அடுத்த வருடம் வேலையும் போனது. ஊரை விட்டுப் போகிற அன்று கடைக்கு வந்து, தலையைக் குனிந்து, "என்னால உங்க பாட்டு வீணாப்போச்சு, மன்னிச்சிருங்க" என்றான். இருபத்தோரு வயதுப் பையன் ஒரு பாட்டுக்காக மன்னிப்புக் கேட்கும்படி ஆகிவிட்டதே என்று கணவர் குனியோவிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். அன்றைக்குப் போட்ட சட்டம்தான் இது: நூறு ஹிட் அடிக்காதவனுக்குப் பாட்டு கிடையாது.

போன வருடம் மே மாதம் ஹருமா ஓதாகி வந்தான். வயது இருபது, ஒல்லி. ஓடித் தொட வேண்டிய மூலைகளான பேஸ்களில், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நின்று பந்து பிடிக்கிற வேலை. வந்த அன்றிலிருந்து குழுவில் சண்டை. ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டம் தோற்ற கையோடு கோஸ் அடை சுடும் கடையில் உட்கார்ந்தால், அடை கருகும்வரை ஓதாகி பேச்சுதான்.

"இன்னைக்கு அவன் புடிச்ச பந்தைப் பாத்தீங்களா அக்கா?" என்றான் யாஷிரோ. "அந்த இடத்துக்கு ஆள் போறதே அதிசயம். போயி, புடிச்சு, விழுந்தபடியே எறியறான்."

"எறிஞ்சது எங்க போச்சுன்னு சொல்லு" என்றார் முராசே. ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபது வயது. "பேஸ்ல நின்னவன் தலைக்கு மேல. பீர் விக்கிற பொண்ணு குனியலன்னா மண்டை போயிருக்கும்."

"மத்தவன் அந்தப் பந்துகிட்டயே போக மாட்டான் அண்ணே. போனாத்தானே தப்பு பண்ண முடியும்."

"மட்டையப் பிடிச்சாலும் கொசு விரட்டற மாதிரிதான் வீசறான்."

"அந்தக் கொசுமட்டைய வச்சே இந்த வாரம் அஞ்சு ஹிட். நம்ம அணியில வேற எவன் அடிச்சான்? நீங்களா?"

சிசாத்தோ அடையைத் திருப்பிப் போட்டாள். "நூறு வரட்டும்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

எண்ணிக்கை முராசே கையில். அடித்த பந்தில், எதிராளி கோட்டை விடாமல் ஒருவன் பேஸை எட்டினால் அது ஹிட். எதிராளி கோட்டை விட்டதால் எட்டினால் அது எதிராளியின் பிழை, எண்ணிக்கையில் சேராது. எது எது என்று மைதானப் பலகையில் விளக்கு எரியும். அதைப் பார்த்து அங்கேயே நீல மையில் எழுதி, நோட்டை மூடினால் மூடினதுதான். முப்பது வருடத்தில் அவர் ஒரு பக்கத்தைக்கூடத் திருத்தியதில்லை. முராசே நோட்டில் இருந்தால் அது எங்களுக்கு வேதவாக்கு. பத்திரிகையை எவன் பார்த்தான்?

ஜூலை மாதம், புழுக்கத்தில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது சிசாத்தோ வாயில் ஒரு மெட்டு தானாக வந்தது. எகிறி ஓடி, சட்டென்று திரும்புகிற மெட்டு. யாரை நினைத்து வந்தது என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

"யாருக்கு இது?" என்றார் குனியோ. அவருக்கு பேஸ்பால் பிடிக்காது, ஆனால் காது உண்டு.

"யாருக்கும் இல்ல. வேலையப் பாருங்க."

ஆனாலும் சலவைச் சீட்டின் பின்னால் அதைக் குறித்துக் கல்லாவுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஓதாகி மட்டையைத் தூக்கினாலே அவள் விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தாள். அந்தப் பையன் நூறைத் தொட வேண்டும் என்று அவன் அம்மாகூட அப்படி வேண்டியிருக்க மாட்டாள்.

செப்டம்பரில் அந்த வருடத்தின் கடைசி ஆட்டம். காலையில் முராசே நோட்டுப்படி தொண்ணூற்றெட்டு. ஆறாவது சுற்றில் ஓதாகி ஒன்று அடித்தான். தொண்ணூற்றொன்பது. ஒன்பதாவது சுற்றில் மறுபடி வந்தான். மைதானத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். சிசாத்தோ உதட்டை நனைத்துக்கொண்டு ட்ரம்பெட்டைத் தூக்கினாள்.

"அண்ணே, சரியா தொண்ணூத்தொம்பதுதானா?"

"என் நோட்டு தப்பாது" என்றார் முராசே.

பொது மெட்டைத்தான் வாசித்தாள். ஓதாகி அடித்த பந்து உயரப் போய் எதிராளி கையில் விழுந்தது. ஆட்டம் முடிந்ததும் அவன் வலது கேலரி பக்கம் வந்து, தொப்பியைக் கழற்றி, இடுப்பு வளைய வணங்கினான். ஏப்ரலில் முதல் ஆட்டத்திலேயே பாட்டு உனக்குத்தான்டா என்று அவள் மனசுக்குள் சொன்னாள். மழை மாதிரி அழுகை வந்தது. ஏப்ரல் எங்கே ஓடிவிடப்போகிறது?

டிசம்பரில் ஒரு நாள் காலை, யாஷிரோ வேனைத் தெரு நடுவிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, ஓதாகியக் குடுத்துட்டாங்க."

"குடுத்துட்டாங்கன்னா?"

"கருங்குதிரை அணிக்கு. பதிலுக்கு ஒரு பந்து வீசறவன வாங்கியிருக்காங்க. முப்பத்தாறு வயசு அவனுக்கு."

சிசாத்தோ கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை குனியோ மெல்ல வாங்கி வைத்தார். போனில் இருந்த செய்தியை யாஷிரோ வாசிக்க வாசிக்க அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'முதல் வருடத்திலேயே சரியாக நூறு ஹிட் அடித்த இருபது வயது ஆட்டக்காரரை' என்ற இடத்தில் அவன் நிறுத்தினான்.

"நூறா?" என்றாள்.

"ரவுண்டா இருக்கட்டும்னு போட்டிருப்பான் அக்கா."

"சரியான்னு எழுதியிருக்கானே."

மூவரும் முராசே வீட்டுக்குப் போனார்கள். அவர் நோட்டை மடியில் விரிக்க, யாஷிரோ போனில் இருந்த பட்டியலைத் தேதி தேதியாக வாசித்தான். மே சரி. ஜூன் முதல் வாரம் சரி. ஜூன் பதினாலாம் தேதி, பட்டியலில் இரண்டு, நோட்டில் ஒன்று.

முராசே அந்தப் பக்கத்தையே பார்த்தார். "அன்னைக்கு மூணாம் பேஸ்காரன் பந்தை நழுவ விட்டான். பலகையில பிழைன்னு விளக்கு எரிஞ்சது. என் கண்ணால பாத்தேன்."

"ரெண்டு நாள் கழிச்சு வீடியோவத் திருப்பிப் பாத்து, அது ஹிட்தான்னு மாத்தியிருக்காங்க அண்ணே. இதோ, பொடி எழுத்துல கீழ போட்டிருக்கு."

முராசே மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். சிசாத்தோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியென்றால் செப்டம்பரில் அந்த ஆறாவது சுற்றில் அடித்ததே நூறு. ஒன்பதாவது சுற்றில் அவன் வந்து நின்றபோது பாட்டு அவனுக்குச் சேர வேண்டியது. உதட்டில் வைத்த ட்ரம்பெட்டோடு, இல்லை என்று சொன்னது அவள்.

முராசேயை நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள். கேள்வி அவளை நோக்கியே திரும்பியது. நூறு என்று சொன்னது யார்? தொண்ணூற்றொன்பது அடித்தவனுக்கு ஒரு பாட்டு வாசித்திருந்தால் வாய் வெந்தா போயிருக்கும்? ஷினொசாக்கி ஒருத்தன் மன்னிப்புக் கேட்டான் என்பதற்காக இந்தப் பையன் வாயில் மண்ணைப் போட்டுவிட்டாளே.

அட்டவணை போட்டவனுக்கு என்ன குசும்போ, இந்த ஏப்ரலில் எங்கள் மைதானத்தில் முதல் ஆட்டமே கருங்குதிரையோடு.

அணி மாறிப் போன ஆட்டக்காரன் எதிரணிச் சட்டையில் திரும்பி வந்து முதல் தடவை மட்டை பிடிக்கும்போது, பழைய ஊர்க்காரர்கள் அவனுடைய பழைய பாட்டை ஒரு முறை வாசிப்பார்கள். எதிரணிக் குழு அதற்காக வாத்தியத்தை இறக்கி வைத்து வழி விடும். அது மரியாதை. ஓதாகிக்கு வாசிக்கப் பழைய பாட்டு ஏது?

"பொது மெட்டையாவது வாசிப்போம்" என்றான் யாஷிரோ.

"அது ஊருக்கெல்லாம் உள்ளது" என்றார் முராசே. டிசம்பருக்குப் பிறகு அவர் குரல் இறங்கிப் போயிருந்தது. "நீ ஒண்ணு கட்டி வச்சிருக்கியாமே. உன் வீட்டுக்காரர் சொன்னார். அதை வாசி தாயி."

ஓதாகி கறுப்புச் சட்டையில் வந்து நின்றான். கருங்குதிரைக் கேலரி அமைதியானது. சிசாத்தோ எழுந்து வாசித்தாள். யாஷிரோகூட அந்த மெட்டைக் கேட்டதில்லை, குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே அடிப்பது என்று தெரியாமல் நின்றான். இரண்டாயிரம் பேர் எழுந்தார்கள், பாட வார்த்தை இல்லாமல் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பெரிய மைதானத்தில் ஒற்றை ட்ரம்பெட் எகிறி ஓடித் திரும்பியது.

ஓதாகி கேலரியை நிமிர்ந்து பார்த்தான். பின்னால் திரும்பிப் பார்த்தான். பிறகு மட்டைக்காரன் நிற்கும் கோட்டிலிருந்து இரண்டடி விலகி, மட்டையை இறக்கி, முடியட்டும் என்று நடுவரிடம் கையால் காட்டிவிட்டுப் பணிவாகக் காத்து நின்றான்.

சிசாத்தோவுக்குப் பக்கென்றது. எப்படியோ கடைசிவரை வாசித்து முடித்தாள். அவன் கோட்டுக்குள் வந்து, முதல் பந்தையே எங்கள் ஆட்கள் இருவருக்கு நடுவே அடித்துவிட்டு ஓடினான்.

முராசே பேனாவைத் திறந்தார். "ஓதாகி, ஒண்ணு" என்று முணுமுணுத்தபடி புதுப் பக்கத்தில் எழுதப்போனார்.

"நூத்தியொண்ணு" என்றாள் சிசாத்தோ. "நூத்தியொண்ணுன்னு எழுதுங்கண்ணே."

அவர் அப்படியே எழுதினார்.

மறுநாள் காலை கடையில் குனியோ பத்திரிகையைப் பிரித்தார். அவர் விளையாட்டுப் பக்கம் படிக்கிறவர் அல்ல; அன்றைக்குப் படித்தார். பழைய ஊரில் வரவேற்பு எப்படி இருந்தது என்று நிருபர் கேட்டதற்கு ஓதாகி சொல்லியிருந்தான்: 'யாருக்கோ ஒரு பாட்டு வாசிச்சாங்க. யாருக்குன்னு தெரியல, நான் கேட்டதில்ல. நல்ல மெட்டு. அந்த மாதிரி ஒண்ணு எனக்கும் கிடைக்கணும்னு ஆசை.'

சிசாத்தோ அதை வாங்கி இரண்டு தரம் படித்தாள்.

"இன்னைக்கும் அவங்களோடதானே ஆட்டம்?" என்றார் குனியோ. "மறுபடி வாசிச்சு, அவன் பேரையும் சேத்துக் கத்துங்களேன்."

"முடியாதுங்க" என்றாள். "முதல் தடவைக்கு மட்டும்தான் வழக்கம். இன்னையிலிருந்து அவன் எதிராளி."