மூன்றாவது வாளி

அந்தத் தெருவில் அவரை மூணு வாளியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். குப்பை வண்டியோடு வருகிறவர். ஈரக் குப்பைக்கு ஒன்று, காய்ந்த குப்பைக்கு ஒன்று என்று இரண்டு வாளி வைக்கச் சொன்னது நகராட்சி. மூன்றாவதைக் கேட்டது இவர். உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி, பியூஸ் போன பல்பு எல்லாம் அதில் தனியாக வரவேண்டும். வாளிக்கு வழியில்லையென்றால் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டால் போதும்.

"வாளிக் கடை ஏதும் வச்சிருக்கியாம்மா?" என்று மூலை வீட்டுத் தையல்காரர் ஒருநாள் சீண்டினார்.

"கடை இல்லண்ணே. கைதான் இருக்கு, அதுவும் ரெண்டே ரெண்டு. உங்க மெஷினுக்குக் கிடைக்கிற மாதிரி அதுக்கு உதிரி பாகம் கிடைக்காதாம்."

தையல்காரர் சிரித்துவிட்டு மறுநாளே ஒடிந்த ஊசிகளைப் பழைய மருந்து டப்பாவில் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு வீடாக இப்படித்தான் வழிக்கு வந்தது. ஒரு வருஷம் ஆயிற்று.

வண்டி ஒரு வாசலில் நிற்பது அரை நிமிஷம். அதற்குள் ஈர வாளியைக் கிளறி, தப்பி விழுந்த பிளாஸ்டிக்கைப் பொறுக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் உரக்கிடங்கில் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காண்ட்ராக்டர் கொடுத்த கையுறை ஆண்கள் அளவு. அதை இடது கையில் மாட்டிக்கொள்வார். வலது கை வெறுங்கை. தேயிலைச் சக்கைக்குள் ஒளிந்திருக்கும் ஷாம்பு பாக்கெட்டை விரல் நுனிதான் கண்டுபிடிக்கும். தொளதொளத்த ரப்பர் கண்டுபிடிக்காது. எனவே அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த வாளியையும் முதலில் இரண்டு முறை உலுக்கிக் காது கொடுத்துக் கேட்பார். கண்ணாடி இருந்தால் பெரும்பாலும் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். அதன்பிறகே கை உள்ளே போகும்.

ஒரே ஒரு வீட்டு வாளியை மட்டும் அவர் உலுக்குவதில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீடு. தெருச் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். மூன்றாவது வாளியை முதலில் வைத்தது அந்த வீடு. அது விரிசல் விட்ட பிறகு பேப்பரும் சிவப்பு மையும் தவறாமல் வந்தன. காய்கறித் தோலை மாடியில் தொட்டியிலிட்டு உரமாக்குவார். துணி துவைத்த தண்ணீரில் வாசலைக் கழுவுவார். கடைக்குத் துணிப்பை. சிக்கனத்தில் குறை சொல்ல முடியாத மனிதர்.

மூணு வாளியம்மா வீட்டிலும் துவைத்த தண்ணீர் கழிப்பறைக்குத்தான் போகும். கிழிந்த சட்டை தலையணை உறையாகி, கரித்துணியாகி, கடைசியில் கால்மிதியாகும். ஆசிரியர் வீட்டில் இதற்குப் பெயர் கொள்கை. இவர் வீட்டில் இதற்குப் பெயர் இல்லாமை. சாரத்திலிருந்து விழுந்து செத்த கொத்தனாரின் மனைவி அவர். மகள் ஆயத்த ஆடைக் கம்பெனியில் காலர் தைக்கிறாள். இரண்டு பேர் கையில் ஓடுகிற வீடு. அவர்கள் சந்துக்குள் குப்பை வண்டி வருவதே இல்லை. ஊர்க் குப்பையை எடுக்கிறவர் வீட்டுக் குப்பையை எடுக்க ஆளில்லை. இதை யாரும் விசித்திரமாகக்கூட நினைக்கவில்லை.

அந்த வாரம் விடாத மழை. தலைமையாசிரியர் வீட்டு உரத்தொட்டி தண்ணீர் கட்டிப் புழுத்துவிட்டது. தோலையெல்லாம் வண்டிக்கே கொடுத்தார். முந்தின நாள் உடைந்த கண்ணாடித் தம்ளரும் அதற்குள் கிடந்தது. அம்மா உலுக்கவில்லை. நேராகக் கையை விட்டார்.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிழிந்தன. முந்தானையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மிச்சத் தெருவையும் முடித்தார். மறுநாளும் வேலைக்குப் போனார். அதற்கடுத்த இரண்டு நாளும் போனார். போகாவிட்டால் வேறு ஆள் வந்துவிடும். ஏற்கெனவே சர்க்கரை உள்ள உடம்பு. மகள் கட்டாயப்படுத்தி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனபோது விரல்கள் கறுத்திருந்தன. இரண்டையும் எடுத்துவிட்டார்கள்.

காண்ட்ராக்டரிடம் மகள் போய் நஷ்டஈடு கேட்டாள். பதிவேட்டில் அப்படியொரு ஆளே இல்லை என்றார். அக்கம்பக்கத்தார் தலையெழுத்து என்றார்கள். அளவு பொருந்தாத கையுறையும், லீவு இல்லாத வேலையும், பெயர் ஏறாத பதிவேடும் மனிதர்கள் செய்தவை. மனிதர்கள் செய்ததை யாரோ எழுதிவைத்ததாகச் சொல்லிக் கும்பிட்டால் செய்தவனுக்குத்தான் லாபம்.

தலைமையாசிரியர் விசாரித்துக்கொண்டு அந்தச் சந்துக்கு வந்தார். சாக்கடை ஓரம் குவிந்திருந்த குப்பையைத் தாண்டித்தான் வீட்டுக்குள் நுழைய முடிந்தது. மகள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அம்மா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டார்.

"போன மாசம் பேப்பரை நிறுத்திட்டோம்மா," என்றார் ஆசிரியர். "மரத்தை வெட்டித்தானே பேப்பர் செய்யறாங்கன்னு, செய்தியெல்லாம் போன்லயே படிச்சிக்கறோம். அன்னிக்குச் சுத்த ஒண்ணும் கைக்கு அகப்படல. தோலுக்குள்ள வச்சா யாருக்கும் குத்தாதுன்னு நெனச்சேன்."

அவர் பொய் சொல்லவில்லை. மரம் அவர் நினைவுக்கு வந்தது உண்மை. வாளிக்குள் நுழையப் போகிற கை வரவில்லை.

"சுத்த ஒண்ணும் இல்லேன்னா கையிலயே குடுத்திருக்கலாமே சார்," என்றார் அம்மா. குரலில் கோபம் இல்லை. "நான் உங்க வாசல்லதானே நின்னேன்."

ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். சங்கத்தில் தீர்மானம் போட்டு எல்லா வீட்டுக்கும் மூன்றாவது வாளி வாங்கப்போவதாகவும், நகராட்சிக்கு மனு எழுதியிருப்பதாகவும் தரையைப் பார்த்தே சொன்னார். அம்மா எல்லாவற்றுக்கும் சரி சார், சரி சார் என்றார். மகள் தேநீர் கொண்டுவந்தாள். அம்மா இடது கையால் தம்ளரை எடுத்தார். பழகாத கை, பாதி சிந்தியது. மகள் குனிந்து துடைத்தாள்.

ஆசிரியர் கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்து, "எனக்குப் பதிலா யாரு வராங்க சார்?" என்று கேட்டார். சின்ன வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள் என்றார் ஆசிரியர்.

"அவகிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. எந்த வீட்டு வாளியா இருந்தாலும் உலுக்கிப் பார்த்துட்டுக் கையை விடச் சொல்லுங்க." சற்று நிறுத்தினார். "உங்க வீட்டு வாளியையும்தான் சார்."

மறுநாள் காலை வண்டி வந்தபோது தலைமையாசிரியர் வாளியோடு வாசலில் நின்றார். உள்ளே வெறும் தோல்தான், அவரே பார்த்துப் பார்த்துப் போட்டது. அந்தப் பெண் வாங்கி நேராகக் கிளறப்போனாள். உலுக்கிப் பார் என்றார். கண்ணாடி இருக்கிறதா என்று அவள் கேட்டாள்.

"இல்லம்மா," என்றார் அவர். "இல்லேன்னு நான் சொன்னாலும் உலுக்கிப் பாரு."