படகுக்காரர் அடைத்த வீடு

என் வீட்டுக்காரர் படகு பழுது பார்க்கிறவர். ஏரிக்கரையில் தகரக் கூரை போட்ட பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் எண்ணெயில் ஊறின பஞ்சுத்திரியை வைத்து, மழுங்கின உளியால் தட்டித் தட்டி உள்ளே ஏற்றி, மேலே தார் பூசுவார். அவர்கள் தொழிலில் அதற்குக் கலப்பத்து என்று பேர். அவர் கலப்பத்து அடித்த படகில் தண்ணீர் ஏறிவிட்டது என்று இதுவரை ஒருத்தரும் வந்து நின்றதில்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு. வாயால் சொல்ல மாட்டார். வேறு யாராவது சொன்னால் காதில் விழாத மாதிரி குனிந்து உளியைத் துடைப்பார். காது மட்டும் சிவந்திருக்கும்.

இப்படிப்பட்ட மனுஷன் கையில் ஒரு பழைய வீடு கிடைத்தால் என்ன செய்வார் என்று நான் முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும்.

வீடு அவருடைய தாய்மாமாவுடையது. பிள்ளைகுட்டி இல்லாதவர். இவர் பேருக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். பதினோரு வருடம் பூட்டியே கிடந்தது. கீழே இரண்டு அறை, மேலே ஒன்று, பின்னால் சமையலுக்கு ஒரு சாய்ப்பு. செங்கல் சுவர், மரப்பலகைத் தரை. நாங்கள் வாடகைக்கு இருந்தது நான்காம் மாடியில். அந்த வீட்டுக்குப் போகலாமா என்று எங்களை யோசிக்க வைத்தது என் நாத்தனாருடைய நுரையீரல்.

என் வீட்டுக்காரருக்கு ஒன்பது வயதில் அம்மா போய்விட்டார்கள். பத்தொன்பது வயது அக்கா மெத்தைக் கடையில் பஞ்சு அடிக்கப் போய் இவரை வளர்த்தார். முப்பது வருடம் அந்தத் தூசியைத்தான் மூச்சாக இழுத்திருக்கிறார். பெண் கேட்டு வந்தவர்களிடம், "சின்னவனையும் கூட்டிக்கிட்டுத்தான் வருவேன், சம்மதமா?" என்று கேட்பாராம். ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. "நல்லவேளை, தப்பிச்சானுங்க" என்று சொல்லிச் சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும்.

அந்த வருஷம் குளிர் தொடங்கும்போது நாத்தனாருக்கு மூச்சு அடைத்துக்கொண்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்று வாரம் கழித்து டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"படி ஏறக்கூடாது. ஈரம் உள்ள அறையில படுக்கக்கூடாது. மீறிப் படுத்தா மறுபடி இங்கேதான் தூக்கிட்டு வருவீங்க. அடுத்த தடவை தூக்கிட்டு வர அவகாசம் இருக்கும்னு என்னால சொல்ல முடியாது."

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தர் நேரில் வந்து அறையைப் பார்ப்பார் என்றார். சரியில்லை என்றால் ரயிலில் ஆறு மணி நேரம் தள்ளியிருக்கிற பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்புவார்களாம். நாத்தனாரிடம் சொன்னபோது அவர் சண்டை போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"போகச் சொன்னா போறேன்டா தம்பி. ஆனா அங்கே போனா நான் திரும்பி வரமாட்டேன். அது எனக்கே தெரியுது" என்றார்.

மறுநாளே மாமா வீட்டைத் திறந்தோம்.

குளிர்காலத்தில் யாரும் வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள். கூப்பிட்ட கொத்தனார், "சுவர் காயாது, வெயில் வரட்டும்" என்று சொல்லிவிட்டார். வெயில் வரும்வரை காத்திருக்க எங்களுக்கு எங்கே நேரம்? அவரே செய்தார். பட்டறையிலிருந்து வந்ததும் வேலை, விடுமுறையிலும் வேலை. காலையில் வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடி மாதிரி ஐஸ் படிந்திருக்கும். அதைக் குத்தி உடைத்துத்தான் சாந்து குழைப்போம். என் விரல் நுனிகள் வெடித்துவிட்டன. அவர் படகுக்குத் தடவுகிற கொழுப்பை எடுத்து வந்து தடவிவிட்டார். நாறியது, ஆனால் கேட்டது.

முன் அறைதான் நாத்தனாருக்கு. முதலில் உதிர்ந்த சாந்தைச் சுரண்டிப் புதிதாகப் பூசினோம். பிறகு அவருடைய கை தானாகப் பழகின வேலைக்குப் போய்விட்டது. ஜன்னல் சட்டத்தைச் சுற்றி இருந்த இடுக்கெல்லாம் பஞ்சுத்திரி. தரைப் பலகை இடுக்கெல்லாம் பஞ்சுத்திரி. கணப்பு எரிந்த காலத்துப் புகைபோக்கியின் வாயில் பலகை வைத்து அடித்துத் தார். வெளிச்சுவரில் தரைக்குப் பக்கத்தில், இரும்பு வலை போட்ட நான்கு சின்ன ஓட்டைகள் இருந்தன. "மாமா எலிக்குக் கதவு வச்சிருக்கார் பாரு" என்று சொல்லி அதையும் அடைத்தார். கடைசியில் சுவர் முழுக்கப் படகுக்கு அடிக்கிற கெட்டிப் பெயிண்ட், வெள்ளையில் இரண்டு பூச்சு.

பட்டறைக் கூட்டாளி ஒருநாள் வந்து சுற்றிப் பார்த்தார். "ஏம்பா, தண்ணியில தள்ளிப் பாக்கலையா? மிதக்கும் போலிருக்கே!" என்றார். இவருடைய காது சிவந்தது.

அறை வெதுவெதுப்பாக இருந்தது என்னவோ உண்மை. ஹீட்டர் ஒன்றுதான் இருந்தது, அதனால் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வந்த நாங்களும் அந்த அறையிலேயே இருந்தோம். சாய்ப்பில் குளிர் தாங்காது என்று அடுப்பையும் அங்கேயே கொண்டுவந்து சமைத்தோம். குறுக்கே கயிறு கட்டித் துணி காயப்போட்டோம்.

ஒரு வாரத்தில் சுவரில் கொப்புளம் கிளம்பியது. வெளிப்பக்கச் சுவரில், கட்டில் போட வேண்டிய இடத்தில். ஊசியால் குத்தினேன். உள்ளேயிருந்து தண்ணீர் கண்ணீர் மாதிரி வழிந்தது. மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம்.

நர்ஸ் வந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து. குள்ளமான அம்மா. வாசலிலேயே மூக்கை உறிஞ்சினார். இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கருவியைச் சுவரில் அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. வேறு இடத்தில் அழுத்தினார். அங்கேயும் சிவப்பு.

"உழைச்சிருக்கீங்க, தெரியுது. ஆனா இந்த அறைக்கு அவங்களை அனுப்ப முடியாதுங்க" என்றார். "மூணு வாரம் கழிச்சு இன்னொரு தடவை வந்து பாப்பேன். அதுக்கு மேல ஆஸ்பத்திரியில படுக்கை காலி இல்லை. அப்பவும் ஈரம்னா இல்லத்துக்கு அனுப்பித்தான் ஆகணும்."

அவர் போனதும் என் வீட்டுக்காரர் ஏணியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு தினமும் ஏணிதான். எங்கேயோ மழைத்தண்ணீர் உள்ளே வருகிறது என்று தேடினார். தேடிய இடமெல்லாம் அடைத்தார். செங்கல் இடுக்குகளில்கூடத் தார் பூசினார். அடைக்க அடைக்க உள்ளே இன்னும் ஈரம் ஏறியது. மனுஷர் சாப்பிடும்போதும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பேச்சு வராது. ஏழாவதோடு படிப்பு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் புத்தகத்தைப் பார்த்தபடியே நிற்பேன். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறேன். நாத்தனார் என்னை வாயில்லாப்பூச்சி என்பார். திட்டு இல்லை, செல்லம்தான். வாய்க்கு வேலையில்லாததால் கண் சும்மா இருக்காது.

நான் பார்த்தது இதுதான். பன்னிரண்டு நாளாக மழையே இல்லை, சுவர் நனைந்துகொண்டே இருந்தது. ஜன்னல் கண்ணாடி உள்பக்கம்தான் வியர்த்தது, வெளிப்பக்கம் காய்ந்து கிடந்தது. நாத்தனாருக்குத் துணையாக நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் ஒன்றரை நாள் தங்கிவிட்டுத் திரும்பிய அன்று, பூட்டிக் கிடந்த அந்த அறை நாங்கள் விட்டுப்போனதைவிடக் காய்ந்திருந்தது. சமைத்துத் துவைத்து ஒருநாள் இருந்தோம். மறுபடி வியர்த்துவிட்டது.

மறுநாள் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது குளிர்காற்று கழுத்தில் அடித்தது. எங்கள் முதலாளியம்மா எவ்வளவு குளிரானாலும் மேல் ஜன்னலைத் திறந்துதான் வைப்பார். புதிதாகச் சேர்ந்த பெண் முணுமுணுத்தாள். "ஆமாண்டி, சாத்திடறேன். துணியிலேர்ந்து போற தண்ணி அத்தனையும் எங்கே போகும்? உன் கொண்டையிலயா?" என்று முதலாளியம்மா கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நின்றேன்.

எங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கே போகும்? நாங்கள் கொதிக்கவைப்பது, துவைப்பது, விடுகிற மூச்சு? போகிற வழி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அடைத்தாயிற்று.

புரிந்துவிட்டது. ஆனால் தண்ணீரை அடைப்பதையே தொழிலாக வைத்திருக்கிற மனிதரிடம், அடைத்தது தப்பு என்று இஸ்திரி போடுகிறவள் எப்படிச் சொல்வது? அதுவும் அக்காவுக்காக உயிரைக் கொடுத்து அடைத்ததை? இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்று வாரத்தில் ஒன்பது நாள் போய்விட்டது. சொல்லாமல் விட்டால் நாத்தனார் ரயில் ஏறிவிடுவார் என்று என்னை நானே பயமுறுத்திக்கொண்டேன்.

சட்டை மடித்துப் போடுகிற பிளாஸ்டிக் உறை ஒன்றைக் கடையிலிருந்து கேட்டு வாங்கி வந்தேன். சுவரில் கொப்புளம் இல்லாத இடமாகப் பார்த்துத் துடைத்து, உறையை வெட்டி விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி வைத்தேன். இரண்டு நாள் விட்டேன். விடுமுறையன்று மத்தியானம் அவர் ஏணியைத் தூக்கப் போனார்.

"என்னங்க, ஒரு நிமிஷம்."

நின்றார். சுவரைப் பார்த்தார். "இது என்ன?"

"துணி உறை."

"அது தெரியுது. சுவத்துக்கு எதுக்குச் சட்டை போட்டிருக்கே?"

"தொட்டுப் பாருங்களேன்."

தொட்டார். விரல் நனைந்தது. "ஈரம். அதான் தெரியுமே."

"இப்போ பிச்சுப் பின்பக்கம் பாருங்க."

பிய்த்தார். பின்பக்கம் காய்ந்திருந்தது. சுவரில் அந்தச் சதுரமும் காய்ந்திருந்தது. மூடாத இடமெல்லாம் ஈரம்.

"தண்ணி சுவத்து வழியா வந்திருந்தா பின்பக்கம்தானே நனைஞ்சிருக்கணும்? இது நம்ம பக்கத்துலேர்ந்துதாங்க வருது. நம்ம அடுப்பு, நம்ம துணி, நம்ம மூச்சு. கொப்புளத்துல இருந்ததும் நாம பூசின சாந்தோட தண்ணிதான். வெளியே போக வழியில்ல."

அவர் அந்தப் பிளாஸ்டிக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டு, தான் அடைத்த அந்தக் கீழ் ஓட்டைகளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் அப்படியே. கோபம்தான் என்று நினைத்தேன். இஸ்திரிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழத்தான் நான் லாயக்கு என்று என்னையே வைதுகொண்டேன்.

பிறகு எழுந்து வந்தார். கையில் உளி இருந்தது.

"எதை முதல்ல எடுக்கணும்?" என்று கேட்டார்.

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில், கை வேலை விஷயமாக அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. நான் கும்பிடாத சாமி இல்லை, ஆனால் அன்றைக்கு மனசுக்குள் கும்பிட்டது அந்தக் கேள்வியைத்தான். அவர் கத்தியிருக்கலாம். உனக்கென்ன தெரியும் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் அடங்கித்தான் போயிருப்பேன்.

"கீழ் ஓட்டையை" என்றேன்.

தன் கையால் அடித்து ஏற்றின பஞ்சுத்திரியைத் தன் கையால் பிடுங்குவது அவருக்குச் சுலபமாக இல்லை. நன்றாக அடித்திருந்தார், லேசில் வரவில்லை. "எந்த மடையன்டா இவ்வளவு இறுக்கமா அடிச்சான்?" என்று தன்னையே திட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்துவிட்டார். "படகுக்குள்ளே யாரு துணி காயப்போடறா? எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

ஓட்டைகளைத் திறந்ததும் தரைக்கு அடியிலிருந்து அடைபட்ட வாடை வந்தது. புகைபோக்கியின் பலகையைப் பெயர்த்தோம். கெட்டிப் பெயிண்டைச் சுரண்டியதுதான் பெரிய வேலை. ஐந்து நாள் ஆனது. தோளில் பெயர்ந்து விழும், தலைமுடியில் ஒட்டும். அது போன பிறகு சுவருக்கு வெறும் சுண்ணாம்பு. அடுப்பைச் சாய்ப்புக்கே கொண்டுபோனோம். துணியைக் கடையிலேயே காயவைத்துக்கொள்ள முதலாளியம்மா இடம் கொடுத்தார். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. ஜன்னலின் மேல் கதவைத் திறந்து வைத்து, ஹீட்டரையும் போட்டு, நாங்கள் மாடி அறையில் கோட்டும் கால் உறையுமாக ஒடுங்கிக் கிடந்தோம். பல் தந்தி அடித்தது. தினமும் காலையில் இறங்கி வந்து ஆளுக்கொரு சுவரில் உள்ளங்கையை வைப்போம்.

"உன் பக்கம்?"

"காய்ஞ்சிருக்கு. உங்க பக்கம்?"

"மூலையில மட்டும்."

நாலாவது நாள் மூலையும் காய்ந்தது.

நர்ஸ் சொன்ன நாளில் வந்தார். வாசலில் மூக்கை உறிஞ்சினார். கருவியை அழுத்தினார். பச்சை. தரை ஓரம், ஜன்னலடி, மூலை, எல்லா இடத்திலும் அழுத்தினார். என் வீட்டுக்காரர் பரீட்சை முடிவுக்கு நிற்கிற பையன் மாதிரி நின்றார்.

"எந்தக் கொத்தனாரைப் பிடிச்சீங்க? என் வீட்டுக்கும் ஒரு ஆள் வேணும்" என்றார் நர்ஸ்.

"கொத்தனார் இல்லீங்க, இவங்கதான்" என்று இவர் என்னைக் காட்டினார். நான் சாய்ப்புக்குள் ஓடிவிட்டேன்.

மூன்றாம் நாள் நாத்தனாரை அழைத்து வந்தோம். வாசலில் ஒரே ஒரு படி. அதையும் அவர் கையைப் பிடிக்கவிடாமல் தானே ஏறினார். அறைக்குள் வந்து நின்றார். நாங்கள் இருவரும் அவர் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தோம், ஏறி இறங்குவதை.

"என்ன ரெண்டு பேரும் என்னைப் பொம்மையாட்டம் பாக்கறீங்க? குளிருது. அந்த ஜன்னலைச் சாத்துடா."

"சாத்தக்கூடாதுக்கா. இவ திட்டுவா."

"யாரு, இவளா?" நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏண்டி, நான் ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில இருந்தா, நீ வீட்டைப் பிடிச்சுக்கிட்டியா?"

"ஆமா அண்ணி" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று இன்னும் தெரியாது. அவர் சிரித்தார். சிரிப்பு முடியும்வரை காத்திருந்தோம். இருமல் வரவில்லை.

கட்டிலில் உட்கார்ந்து கோட்டைக் கழற்றினார். அதைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றும் பார்த்தார்.

"இதை எங்கே மாட்டறது? ஒரு ஆணி அடிடா."

என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார். இவ்வளவு பாடுபட்டுக் காயவைத்த சுவர். சுத்தியலை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. "நாற்காலியில போட்டுக்கோயேன்கா" என்றார்.

"நான் என்ன விருந்தாளியா, நாற்காலியில போட்டுட்டு நாளைக்குக் கிளம்ப? இங்கேதான் இருக்கப் போறேன். அடிடா ஆணியை."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கட்டிலின் தலைமாட்டில், அக்கா உட்கார்ந்தபடியே கை நீட்டினால் எட்டுகிற உயரத்தை அளந்து, ஆணியை வைத்து அடித்தார். உதிர்ந்த சுண்ணாம்பு காய்ந்த தூளாக அவர் புறங்கையில் விழுந்தது.