வரி எண் 25

என் மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன், இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில். ஞாயிற்றுக்கிழமை, மதியம் 3.10.

பழைய கம்ப்யூட்டர்களுக்கு உயிர் கொடுப்பது என் பைத்தியம். ஒரு பெரியவரிடம் வாங்கிய முப்பத்தைந்து வருடத்து மெஷினோடு மூன்று வாரம் மல்லுக்கட்டி, அன்றுதான் திரையில் பச்சை எழுத்தை வரவழைத்திருந்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி வேலைக்குக் கிளம்பும்போதே எச்சரித்திருந்தாள்: "அவளுக்கு இளைப்பு இருக்கு. அந்தக் குப்பையைக் கட்டிட்டு அழாம பாப்பாவைப் பாருங்க."

பாப்பா ஹாலில் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவளுக்காக அதில் ஒரு கணக்கு விளையாட்டு புரோகிராம் எழுத உட்கார்ந்தேன். 10, 20, 30 என்று வரிகளுக்குப் பத்துப் பத்தாகத்தான் எண் போடுவோம். பிறகு நடுவில் எதையாவது செருக இடம் வேண்டுமே. எழுதி முடித்து, வரிகளின் பட்டியலைத் திரையில் வரவழைத்தேன்.

20-க்கும் 30-க்கும் நடுவில் ஒரு 25 இருந்தது. எழுத்து ஆங்கிலம், பேச்சு தமிழ்: கதவைத் திற.

பாப்பாவின் குறும்பு என்று அழித்தேன். அவளுக்கு டைப் அடிக்கத் தெரியாது என்பது அப்போது உறைக்கவில்லை.

3.16. மறுபடி 25. கதவைத் திற.

மெஷினை அணைத்துப் போட்டேன். அணைத்தால் இதற்கு எதுவுமே நினைவில் நிற்காது. காலித் திரை வந்தது. பிறகு... 25.

கீபோர்டு வயரைப் பிடுங்கினேன்.

டக்... டக்... டக்...

சத்தம் வந்தது. ஒரு விசையும் அசையவில்லை.

கதவைத் திற. கதவைத் திற. கதவைத் தி

பாதியில் நின்றது.

"பாப்பா?"

ஹால் காலி.

ஸ்டோர் ரூம் கதவு... வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

திறந்தேன். உதடு நீலம் பாய்ந்து கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில், கண் விழித்ததும் மாஸ்க்கை விலக்கிச் சொன்னாள்: "ஒரு அண்ணாதான்ப்பா சாத்தினான். உங்கப்பா வராரான்னு பாக்கலாம்னான்."

மெஷினை விற்ற பெரியவருக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். கொடுத்த புரோகிராமை எழுதி முடிக்கும்வரை மகனை இந்த மெஷினோடு அறையில் வைத்துப் பூட்டுவாராம். அவனுக்கும் இளைப்பு. ஒருநாள், கத்த மூச்சில்லாமல் இதையே திரையில் அடித்து வைத்திருந்தானாம். கடைசி வரி பாதியில் நின்றிருந்ததாம்.

"நீங்க எப்ப திறந்தீங்க?" என்று கேட்டார்.

"எழுத்து நின்ன உடனே."

"நான் சாயங்காலம்தான் தம்பி திறந்தேன்."