மூன்றாம் தரம் கேட்கும்வரை

2011இல் மெல்பேர்ணுக்கு வெளியே ஒரு கிராம மண்டபம் மூடப்படும் நிலைக்கு வந்தது. உள்ளூராட்சிக் கவுன்சிலில் மண்டபங்களுக்குப் பொறுப்பு நான்தான். இங்கிலாந்தில் இருந்து வந்த விவசாயிகள் தங்கள் ஊரைப் போலவே அமைத்த கிராமம் அது: கல் தேவாலயம், ஓக் மரங்கள், நடுவே மண்டபம். அதை நடத்தும் கமிட்டியின் செயலாளர் காலமாகிவிட்டார். ஆண்டுக் கூட்டத்தில் புதியவர் கிடைக்காவிட்டால் கமிட்டி கலையும், கவுன்சில் கதவைப் பூட்டும்.

கமிட்டித் தலைவி மார்கரெட்டின் கலியாண விருந்து நடந்தது அந்த மண்டபத்தில்தான். எங்கள் பிள்ளைகளின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடப்பதும் அங்கேதான்.

கூட்டத்தில், வகுப்பை நடத்தும் மெக்கானிக் சிவானந்தனைச் செயலாளராக மார்கரெட் முன்மொழிந்தார். மனுசனுக்கு உள்ளூரக் கொள்ளை ஆசை, புதுச் சேர்ட் வேறு போட்டு வந்திருந்தார். எழும்பி நின்று, "நோ, நோ, என்னைவிட நல்ல ஆக்கள் இருக்கினம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நம்மவருக்கு அது மறுப்பா? மரியாதை! மார்கரெட்டோ நன்றி சொல்லி, மறுத்துவிட்டார் என்று கூட்டக் குறிப்பில் எழுதினார். வேறு ஒருவரும் முன்வரவில்லை. தேநீர் குடித்துவிட்டுக் கமிட்டியைக் கலைப்போம் என்றார். கவுன்சில் ஆளான எனக்குக் கூட்டத்தில் வாய் திறக்க அனுமதி இல்லை. தேநீர் போடக் குசினிக்குள் போனவரின் பின்னாலேயே போனேன். கண் கலங்கியபடி கேக் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அவரிட்டத் திரும்பக் கேளுங்கோ மார்கரெட்."

"நோ எண்டு சொன்னவரை வற்புறுத்திறது மரியாதையில்லை."

"ஒருதரம் கேட்டிட்டு விடுறதுதான் எங்களுக்கு மரியாதையில்லை. மூண்டுதரம் கேக்கோணும்."

முகம் சிவக்கச் சிவக்கக் கேட்டார். இரண்டாம் தரம், "நேரம் கிடைக்குமோ தெரியேல்லை" என்றார் சிவானந்தன். மூன்றாம் தரம், "நீங்கள் இவ்வளவு கேக்கிறபடியால்..." என்று சொல்லும்போதே செயலாளரின் கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

கவுன்சிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: மறுப்பு என்று எழுதமுன் இன்னொரு தரம் கேளுங்கள்.

அடுத்த வருடத்துக்குள் சிவானந்தன் சட்டதிட்டத்தில் வெள்ளைக்காரரையே மிஞ்சிவிட்டார். அந்த ஆண்டுக் கூட்டத்தில், தலைவர் தெரிவுக்கு மார்கரெட்டின் பெயரைச் சொன்னார். எப்போதும் உடனே சம்மதிக்கும் கிழவி, "நோ" என்றார். சிவானந்தன் நன்றி சொல்லி, மறுப்பு என்று எழுதப் பேனையைத் திறந்தார்.

மார்கரெட் மேசையில் தட்டினார்.

"சிவா! நீங்கள் இன்னும் ரெண்டுதரம் கேக்கேல்லை."