பஞ்சில் நனைத்த விஸ்கி

1967இல் பென்னாகரம் சாலை பங்களாவுக்கு டங்கன் துரையைப் பார்த்துக்கொள்ளத் தெரசா போனபோது, அவர் பக்கவாதத்தில் விழுந்து மூன்று வாரமாகியிருந்தது. பேச்சு இல்லை. தண்ணீர் விழுங்கினாலும் புரையேறியது. மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான் கஞ்சி. உடம்பு துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, குச்சியில் பஞ்சு சுற்றி வாயைச் சுத்தம் செய்வது. மிஷன் ஆஸ்பத்திரியில் அவள் பயின்ற வேலை இதுதான். "எச்சில் தொடைக்கவா படிச்சே?" என்று அண்ணன் கேட்பான்.

எண்பதாவது பிறந்தநாள் காலையில் துரையின் கண் அலமாரியை விட்டு நகரவில்லை. சமையற்காரர் மாதப்பனுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே ஒரு குப்பி சிங்கிள் மால்ட் விஸ்கி. துரையின் ஸ்காட்லாந்து ஊரில் வடித்து, நாற்பது வருஷம் மரப்பீப்பாயில் கிடந்தது. அந்த ஆலையையே மூடிவிட்டார்கள். எண்பதில்தான் திறப்பேன் என்று, மதுவிலக்குக் காலத்திலும் பெர்மிட் வாங்கிப் பூட்டிவைத்திருந்தார்.

மாதப்பன் திறந்தார். தக்கை உதிர்ந்து உள்ளே விழ, துணியில் வடிகட்டினார். பிறகு, சாகக் கிடப்பவர் வாயில் பால் விடும் வழக்கப்படி, கரண்டி நிறைய எடுத்துவந்தார்.

தெரசா அவர் கையைப் பிடித்தாள். "அண்ணா, இது பொரையேறி நெஞ்சுக்குள்ள எறங்குச்சுன்னா ஆளு போயிருவாரு."

"ஆசப்பட்டது நாக்குல படாமயே போவணுங்களா? மனசே இல்லீங்களா நர்சம்மா உங்களுக்கு?"

"மனசு இருக்குது. கரண்டிதான் வேணாம். பஞ்ச எடுங்க."

துரையை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். பஞ்சை நனைத்து, சொட்டாதபடி பிழிந்து, நாக்கில் தடவினாள். காத்திருந்தாள். இருமல் வரவில்லை. நாக்கு அசைந்தது. கண்ணை மூடி, வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார்.

"பல் தேய்ச்சுவுட்ட மாதிரி இருக்குது," என்று மாதப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

துரை இடது கையால் குப்பியைக் காட்டினார், பிறகு அவளைக் காட்டினார்.

"வேல நேரமுங்க, வேணாமுங்க."

கை இறங்கவில்லை. சாராய நெடி என்றாலே அவளுக்கு அப்பன் அடித்த அடி ஞாபகம் வரும். இருந்தும் புதுப் பஞ்சில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"எப்படிங்க?" என்றார் மாதப்பன்.

"டிங்சர் வாசனை, எங்க ஆஸ்பத்திரி வார்டேதான். அப்பறம் பொகை. கடைசீல வெல்லப்பாகு." கொஞ்சம் யோசித்தாள். "நல்லாத்தான் இருக்குது."

துரையின் தொண்டையிலிருந்து காற்றுச் சிரிப்பு வந்தது.

அன்று ஜெபத்தில், பஞ்சு பிடிக்கச் சொல்லிக்கொடுத்த மிஷன் ஆஸ்பத்திரிக் கன்னியாஸ்திரி மதரின் பெயரையும் சேர்த்துக்கொண்டாள்.

துரை இன்னும் பன்னிரண்டு நாள் உயிரோடு இருந்தார். தினமும் வாய் துடைத்தபின் ஒரு பஞ்சு விஸ்கி. முடிந்ததும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். துவைக்கத் துணி குவிந்து கிடந்தாலும், அவராக விடும்வரை அவள் கையை இழுத்துக்கொண்டதில்லை.