கட்டைக் குரல் மட்டும் கேட்கும் காது

மாமியாருக்குக் காது மந்தம் என்று யார் சொன்னாலும் மருமகள் நம்பத் தயாராக இல்லை. தெருமுனையில் லாரி திரும்பினால் கிழவிக்குக் கேட்கிறது. மகன் அடுத்த அறையிலிருந்து "அம்மா" என்றால் உடனே வந்து நிற்கிறாள். மருமகள் பின்னாலிருந்து தொண்டை கிழிய "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்ப்பதில்லை. சுத்த நடிப்பு! அதனால் தட்டை வைக்கும்போதெல்லாம், கேட்கட்டும் என்றே முகத்துக்கு நேராக நின்று, "கல்லுளிமங்கி, திங்க மட்டும் தெரியுது" என்று முணுமுணுப்பாள். கிழவி அசையாமல் சாப்பிடுவாள்.

கடைசியில் கணவனிடம் ஒரே போடாகப் போட்டாள்: தனிக்குடித்தனம், இல்லாவிட்டால் பிறந்த வீடு. அவன் கெஞ்சிக் கூத்தாடினான். முதலில் காதைச் சோதிப்போம், நடிப்பு என்றால் வீடு பார்க்கிறேன் என்றான். மருமகள் தானே உற்சாகமாகக் கிழவியைக் காது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

கண்ணாடி அறைக்குள் மாமியார் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்தாள். சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். கனத்த சத்தங்களுக்கு டக் டக்கென்று அமுக்கினாள். சத்தம் கீச்சாக ஏற ஏற விரல் சும்மா கிடந்தது.

என்ன வேலை பார்த்தார் என்று சோதித்த பெண் விசாரித்தாள். தறி மில்லில் என்று மருமகள் சொன்னதும் தலையாட்டினாள். உள்காதில் ஒவ்வொரு சுருதிக்கும் ஓர் இடம் உண்டாம். கீச்சுச் சத்தத்துக்கு வாசல் பக்கம், கனத்ததற்கு உள்ளே. வீட்டில் வாசல்படி முதலில் தேய்வது மாதிரி, தறிகளின் இரைச்சல் கீச்சுப் பக்கத்தைத் தின்றுவிட்டது. மகனின் கட்டைக் குரல் விழும். மருமகளின் கீச்சுக் குரல் வெறும் முனகலாகத்தான் போய்ச் சேரும், சொல் பிரியாது.

மருமகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அநியாயமாகத் திட்டிவிட்டோமே என்று மனம் அடித்துக்கொண்டது. நல்லவேளை, திட்டியது எதுவும் கேட்டிருக்காது என்ற அற்ப சந்தோஷமும் கூடவே எட்டிப் பார்த்தது.

சோதித்த பெண் மாமியாரின் எதிரே குனிந்து, "அவ்வளவு சத்தத்துல எப்படிம்மா பேசிக்குவீங்க?" என்றாள்.

"காது எதுக்கு? உதட்டப் பாத்தா போதுமே."

மருமகள் வெளியே வந்ததும் குரலை முடிந்தவரை கட்டையாக்கிக்கொண்டு, "பின்னாடி நின்னு கூப்பிட்டதுதான் கேக்கல. நான் திட்டுனது எல்லாம் புரிஞ்சுதா, அத்தை?" என்றாள்.

"பாதி புரிஞ்சுது. நீ எங்கிட்ட பேசுறதே அது ஒண்ணுதான்னு நெனச்சிட்டிருந்தேன்." மாமியார் அவள் உதட்டையே பார்த்தாள். "என்னக் கூப்பிடவும் செஞ்சியாடி?"